மெக்லாக்லின் ஆல்பங்களை எதில் தொடங்கிக் கேட்பது?

கொளத்தூரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஜான் மெக்லாக்லின் பெரிய கிட்டாரிஸ்ட் என்கிறார்கள். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா கேட்டேன், ஒரே இரைச்சலாக இருந்தது. சக்தி கேட்டேன், மார்கழிக் கச்சேரி மாதிரி இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தானா? எந்த ஆல்பத்தில் ஆரம்பிக்கலாம்? நானும் கிட்டார் பழகுகிறேன். எனக்கு வாசிக்க வருகிற மாதிரி அவருடையதில் ஏதாவது உண்டா அண்ணா?"

தம்பி, இதே விஷயத்துக்காகப் பெரம்பூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நாங்கள் முப்பது வருடத்துக்கு மேல் வாதாடியிருக்கிறோம். ராயபுரத்தில் சர்ச்சில் கிட்டார் வாசிக்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு 1973-க்குப் பிறகு மெக்லாக்லின் என்று ஒருவர் இல்லவே இல்லை. இன்னொருவர் புளியந்தோப்பு, கானா கச்சேரிகளுக்கு டோலக் வாசிப்பவர். அவருக்குச் சக்தி போதும், மற்றதெல்லாம் வேண்டாம். இருவர் சொல்வதையும் இத்தனை வருடம் கேட்டுக் கேட்டு எனக்குத் தெளிந்த பதில் இது: மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவும் சக்தியும் மெக்லாக்லின் நடத்திய இரண்டு குழுக்கள், இரண்டும் ஒரே ஆள்தான். சக்தியின் முதல் ஆல்பத்தில் ஆரம்பியுங்கள். கேட்கும்போது கிட்டாரின் வேகத்தை விட்டுவிடுங்கள், தாளக் கணக்கைப் பிடியுங்கள்.

நான் ஆரம்பித்ததும் அதில்தான், அதுவும் ஒரு தவறால். 1986-ஆம் வருடம். அப்போதெல்லாம் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, கூடவே வெற்றுக் கேசட்டும் கொடுத்தால் இசைத்தட்டில் இருந்து பதிந்து தருவார்கள். நான் எழுதிக் கொடுத்தது சந்தானா என்ற ராக் குழு. ஒரு வாரம் கழித்து வாங்கி வந்து போட்டால் வயலினும் கடமும் வருகிறது. கடைக்காரரிடம் போய்க் கேட்டேன், மாற்றித் தர முடியாது என்றுவிட்டார். அறுபது நிமிடக் கேசட், ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். அந்த ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு பாட்டுதான், 29 நிமிடம். என் கேசட்டில் கைதட்டல் அடங்குவதற்குள் நாடா முடிந்து பொத்தான் 'டக்' என்று மேலே எழும்பும். இன்றைக்கும் போனில் அதைக் கேட்டு முடிக்கும்போது அந்தச் சத்தத்துக்காகக் காது காத்திருக்கிறது.

அந்த வாரமே புளியந்தோப்பு நண்பர் வீட்டு மாடிக்கு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். அவருக்கு அப்போது பதினாறு வயது இருக்கும். தண்ணீர் லாரி வராத நாள், காலிக் குடங்கள் மாடிப்படி ஓரமாக வரிசையாக இருந்தன. பாட்டு ஓடிப் பத்து நிமிடத்தில் அவர் ஒரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கிட்டார் பக்கமே அவர் காது போகவில்லை. ஒரே அடியை மூன்று தடவை திருப்பி அடித்து, மூன்றாவது தடவையின் கடைசி எழுத்து சரியாக முதல் தட்டில் போய் விழுகிற இடங்களைத் தேடித் தேடிப் பிடித்தார். கர்நாடக சங்கீதத்தில் அதைத் தீர்மானம் என்பார்கள். அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது, ஆனால் எப்போது வரப்போகிறது என்று இரண்டாவது தடவையிலேயே தெரிந்துவிட்டது. மூன்றாவது விழும்போது குடத்தில் அவர் கையும் விழுந்தது. "இந்த வெள்ளைக்காரர் எப்படிடா கரெக்டா வந்து உக்கார்றார்?" என்று கேட்டார். மெக்லாக்லினைப் பற்றி நான் படித்த எதிலும் இதைவிட நல்ல கேள்வி இல்லை.

எப்படி உட்கார்ந்தார் என்றால், உழைத்துக் கற்றுக்கொண்டு உட்கார்ந்தார். இங்கிலாந்தில் டான்காஸ்டரில் 1942-இல் பிறந்தவர், 1969-இல் அமெரிக்கா போகிறார். போன கையோடு ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே', அடுத்து 'பிட்சஸ் ப்ரூ'. இரண்டாவதில் ஒரு பாட்டுக்குப் பெயரே 'ஜான் மெக்லாக்லின்' என்று மைல்ஸ் வைத்துவிட்டார். அந்த உயரத்தில் இருக்கும்போதுதான் அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்கப் போகிறார். ராமநாதன் பெரிய பாடகர், பெரிய ஆசிரியர், நம்மூரில் நன்றாகத் தெரிந்த பெயர். வயலின் எல். சங்கரும் அதே வெஸ்லியனில்தான் இருந்தார். சங்கர் யார் என்றால், வி. லட்சுமிநாராயணாவின் மகன், எல். வைத்தியநாதனுக்கும் எல். சுப்ரமணியத்துக்கும் தம்பி. தபலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்துக்கு விக்கு விநாயக்ராம், மிருதங்கத்துக்கு ராமநாதபுரம் ராகவன் என்று சேர்ந்ததுதான் சக்தி. 1975 ஜூலை 5-ஆம் தேதி நியூயார்க் லாங் ஐலண்டில் சவுத்ஹாம்டன் கல்லூரி மேடையில் வாசித்ததை அப்படியே பதிந்து 1976-இல் ஆல்பமாக விட்டார்கள்.

விக்குவைப் பற்றி ஒரு வார்த்தை. அவரும் 1942-இல் பிறந்தவர்தான், மெக்லாக்லினுக்குச் சம வயது. 1966-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. சபையில் பாடியபோது கடம் வாசித்தவர். இந்த ஆல்பத்தை ஹெட்போனில் கேளுங்கள். கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தித் திறக்கும்போது வருகிற 'கும்' என்ற அடிநாதம் தனியாகக் கேட்கும். அந்தக் குழுவில் அடிநாதம் கொடுக்கிற பேஸ் கிட்டார் கிடையாது. பாதி நேரம் அந்த வேலையையும் ஒரு மண்பானை பார்க்கிறது. முதல் ஆல்பத்தில் மிருதங்கமும் இருப்பதால் அடிப்பக்கம் இன்னும் கனமாக இருக்கும். ராகவன் அடுத்த இரண்டு ஆல்பங்களில் இல்லை, அந்தக் கனமும் குறைந்துவிடுகிறது.

இப்போது அந்தக் கிட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் கிட்டார் பழகுகிறவர், கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். வீணையை யாராவது வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? வீணையின் மெட்டுகள், அதாவது கிட்டாரில் ஃப்ரெட் என்கிறோமே அவை, மரத்தில் பதிந்திருக்காது, மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும். விரலுக்குக் கீழே மரம் தட்டாததால் கம்பியை விருப்பம் போல இழுக்கலாம், கமகம் அங்கே பிறக்கிறது. சாதாரணக் கிட்டாரில் விரல் நுனி மரத்தில் உரசும், இரண்டு ஸ்வரம் தள்ளி இழுப்பதற்குள் வலி வந்துவிடும். கிப்சன் கம்பெனியில் இருந்த ஏப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் மெக்லாக்லினுக்காக ஒரு ஜே-200 கிட்டாரில் ஒவ்வொரு மெட்டுக்கும் நடுவில் இருந்த மரத்தைக் குழியாகச் செதுக்கி எடுத்தார். அப்புறம் முக்கியக் கம்பிகளுக்குக் கீழே, ஒலித்துளையின் மேல் சாய்வாக ஏழு கம்பிகள். இவை தம்புரா மாதிரிச் சுருதி கொடுக்க. முதல் தடவை புகைப்படத்தில் பார்த்தபோது இரண்டு கிட்டார்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் கம்பி கட்டியது போல இருந்தது. இதே முதல் ஆல்பத்தில் 'லோட்டஸ் ஃபீட்' என்ற பாட்டில் ஒரு ஸ்வரத்தில் இருந்து அடுத்ததற்கு அவர் வழுக்கிக்கொண்டு போகிற இடத்தைக் கேளுங்கள். அது ப்ளூஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பர் இசைக்காரர்கள் கம்பியை வளைக்கிற வளைவு இல்லை. வீணை மாணவர் ஒருவர் இழுக்கிற இழுப்பு.

சரி, மகாவிஷ்ணு இரைச்சலாக இருந்தது என்கிறீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. 1971-இல் 'தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்', 1973-இல் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்'. பில்லி கோபம் டிரம்ஸ், ஜெர்ரி குட்மேன் வயலின், யான் ஹாமர் கீபோர்டு, ரிக் லேர்ட் பேஸ். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் முழுச் சத்தத்தில் ஓடுகிறார்கள், எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாது. வழி ஒன்று சொல்கிறேன். 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' முதல் பாட்டைப் போட்டுவிட்டு வாயால் சொல்லுங்கள்: தகதகிட, தகதகிட, தகதகிட, தகிட. ஐந்து, ஐந்து, ஐந்து, மூன்று, ஆகப் பதினெட்டு. நான் எண்ணுகிற முறை இது. ஒரு சுற்று பிடிபட்டுவிட்டால் அந்த இரைச்சலுக்குள் ஒரு தெரு மாதிரி வழி திறக்கும். டிரம்ஸில் பில்லி கோபம் எங்கே வேண்டுமானாலும் அடிக்கட்டும், நீங்கள் தொலைந்து போக மாட்டீர்கள். 'வைட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்' ஒன்பதில் ஓடுகிறது. 'தி டான்ஸ் ஆஃப் மாயா' இன்னும் அழகு: பத்து எண்ணிக்கையில் மெதுவாக ஆரம்பித்து, நடுவில் திடீரென்று ஒரு ப்ளூஸ் வந்து, கடைசியில் முதலில் வந்ததும் ப்ளூஸும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். இதை ஒரு தடவை டீக்கடையில் மேஜையில் தட்டிக் காட்டியபோதுதான் புளியந்தோப்பு நண்பர் மகாவிஷ்ணுவை முழுதாகக் கேட்க ஒப்புக்கொண்டார்.

வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு என்று நான் நம்புகிறேன். நாம் பிறந்ததில் இருந்து தாளத்துக்குள் இருக்கிறோம். பதினாறாம் நாள் இரவில் விடிய விடியக் கானா, சவ ஊர்வலத்தில் மேளம், ஆடி மாதத்தில் அம்மன் கோயில் பம்பை உடுக்கை, ரயில் பெட்டியில் பசங்கள் கதவைத் தட்டிப் பாடுகிற பாட்டு. மெலடி இல்லாமலும் நமக்குப் பாட்டு பாட்டாகவே கேட்கும். மகாவிஷ்ணுவைக் கேட்டுவிட்டு "பாட்டே இல்லையே" என்று சொல்கிறவர்கள் மெலடியைத் தேடுகிறார்கள். அங்கே பாட்டு எண்ணிக்கையில் இருக்கிறது.

இரண்டும் ஒரே ஆளா என்ற கேள்விக்கு ராயபுரத்து நண்பரிடம் நான் வைக்கிற சாட்சி இரண்டு. முதலாவது 'மை கோல்ஸ் பியாண்ட்', 1971-இல் வந்த ஆல்பம். முழுக்க மின்சாரம் இல்லாத கிட்டார். ஒரு பக்கத்தில் அவர் மட்டும். இன்னொரு பக்கத்தில் தம்புரா ஓடுகிறது, பாதல் ராய் தபலா வாசிக்கிறார், அவரோடு வயலினில் ஜெர்ரி குட்மேன், டிரம்ஸில் பில்லி கோபம். அதாவது மகாவிஷ்ணுவுக்குப் போகப் போகிற இருவரும், சக்தியாக வளரப் போகிற தம்புராவும் தபலாவும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மகாவிஷ்ணுவின் முதல் ஆல்பமும் அதே வருடம். ராக் வாசித்துச் சலித்துப்போய் இந்தியாவுக்குத் திரும்பினார் என்று பலர் சொல்கிற கதை அதனால் தவறு. விதை போட்டது ஒரே நாளில், முளைத்து வெளியே வந்தது மட்டும் முன்பின்னாக.

இரண்டாவது சாட்சி 'லோட்டஸ் ஃபீட்'. 1976-இல் சக்தியின் முதல் ஆல்பத்தில் அது நாலே முக்கால் நிமிடம் கடத்தோடும் வயலினோடும் வருகிறது. அதே 1976-இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் 'இன்னர் வேர்ல்ட்ஸ்' ஆல்பத்திலும் அதே மெட்டு மின் ஒலியில் வருகிறது. ஒரே மெட்டை இரண்டு வீட்டிலும் வைத்திருக்கிறவரை எப்படி இரண்டு ஆளாகப் பிரிப்பது?

மற்ற ஆல்பங்களில் எல்லாவற்றையும் கேட்டே ஆக வேண்டும் என்றில்லை. சக்தியின் இரண்டாவது ஆல்பம் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', லண்டன் ஸ்டுடியோவில் பதிந்தது, மூன்றிலும் வாசிப்பு மிகச் சுத்தமானது இதுதான். முதல் பாட்டு 'லா டான்ஸ் டு பொனர்' கொன்னக்கோலில் தொடங்கும். கிட்டார் வருவதற்கு முன் வாயால் சொல்கிற அந்தச் சொற்கட்டை மனப்பாடம் பண்ணுங்கள், அதற்குப் பிறகு கிட்டார் வாசிப்பதெல்லாம் அந்தச் சொற்களாகவே காதில் விழும். 1977-இல் வந்த 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' சின்னச் சின்னப் பாட்டுகளாக இருப்பதால் ரசிகர்கள் அதைக் கீழே வைக்கிறார்கள், எனக்கு அது வருத்தம். 29 நிமிடத்தில் சொன்னதை ஐந்து நிமிடத்தில் சொல்லக் கற்றுக்கொண்ட ஆல்பம் அது.

மகாவிஷ்ணு பக்கத்தில் 'அபோகலிப்ஸ்' லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு ஜார்ஜ் மார்ட்டின் தயாரிப்பில் 1974-இல் வந்தது. பெரிய முயற்சி, ஆனால் நூறு பேர் வாசிக்கும்போது அந்தக் கணக்கின் கூர்மை மழுங்கிவிடுகிறது. பிறகு கேட்கலாம். அடுத்த வருடம் வந்த 'விஷன்ஸ் ஆஃப் தி எமரால்ட் பியாண்ட்' அப்படி இல்லை, ழான்-லுக் போன்டியின் வயலினுக்காகவே கேட்க வேண்டும். முதல் குழு 1973-இல் உடைவதற்கு முன் பதிந்து வெளிவராமல் கிடந்தது 1999-இல்தான் 'தி லாஸ்ட் டிரைடன்ட் செஷன்ஸ்' என்று வந்தது. ராயபுரத்து நண்பர் அதை வாங்கிவிட்டு என்னைக் கூப்பிட்ட இரவு எனக்கு மறக்காது, போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். 1984-இல் பழைய பெயரில் வந்த 'மகாவிஷ்ணு' ஆல்பத்தில் சிந்தசைசர் கிட்டாரின் ஒலி என் காதில் ஒட்டவே இல்லை, விட்டுவிடுங்கள்.

'ஃப்ரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ' பற்றி ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தவறு எல்லா இடத்திலும் நடக்கிறது. 1980 டிசம்பர் 5-ஆம் தேதி மெக்லாக்லினும் இன்னும் இரண்டு கிட்டாரிஸ்டுகளான பாகோ டி லூசியாவும் அல் டி மியோலாவும் வாசித்த கச்சேரி அது. அதில் முதலில் வரும் 'மெடிட்டரேனியன் சன்டான்ஸ்' எல்லோருக்கும் தெரியும், அதைக் காட்டித்தான் மெக்லாக்லினின் வேகத்தைப் புகழ்கிறார்கள். அந்தப் பாட்டில் அவர் வாசிக்கவே இல்லை, மற்ற இருவர் மட்டும்தான். அவரைக் கேட்க வேண்டுமென்றால் பாகோவோடு வாசித்த 'ஃப்ரேவோ ரஸ்காடோ'வுக்குப் போங்கள்.

1997-இல் 'ரிமம்பர் சக்தி' என்ற பெயரில் சக்தி மறுபடி ஆரம்பித்த பிறகு கதை நம் ஊருக்கே வருகிறது. முதல் ஆல்பத்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். அடுத்து 2000-இல் 'தி பிலீவர்': மாண்டலினில் யு. ஸ்ரீநிவாஸ், கஞ்சிராவில் விக்குவின் மகன் செல்வகணேஷ். 'வெண்ணிலா கபடி குழு' படத்துக்கு இசையமைத்த அதே செல்வகணேஷ்தான். கையளவு உடும்புத் தோலும் ஒரே ஒரு சலங்கையும் வைத்துக்கொண்டு ஜாகிரின் தபலாவுக்குப் பதில் சொல்வதைக் கேட்டால் எழுந்து நிற்கத் தோன்றும். ஸ்ரீநிவாஸ் வந்த பிறகு மெக்லாக்லின் குறைவாக வாசிக்கிறார் என்று சிலருக்குக் குறை உண்டு. எனக்கு அதுதான் அந்த ஆல்பத்தில் பிடித்தது. இருவர் கையிலும் மெட்டு வைத்த மின்கம்பி வாத்தியம், ஆனால் கமகத்தில் ஸ்ரீநிவாஸ் எங்கேயோ இருக்கிறார். அது தெரிந்து மெக்லாக்லின் ஒதுங்கி இடம் விடுகிறார், பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கிற கார்டுகளை மட்டும் மெதுவாகப் போடுகிறார். ஸ்ரீநிவாஸ் 2014 செப்டம்பரில் 45 வயதில் சென்னையில் காலமானார். அதன் பிறகு 'தி பிலீவர்' கேட்பது எனக்குச் சுலபமாக இல்லை.

2007-இல் மெக்லாக்லின் சென்னைக்கே வந்து 'ஃப்ளோட்டிங் பாயின்ட்' ஆல்பத்தைப் பதிந்தார், அடுத்த வருடம் வெளிவந்தது. ஸ்ரீநிவாஸின் தம்பி யு. ராஜேஷ், சிவமணி, புல்லாங்குழல் சஷாங்க் எல்லாரும் இருக்கிறார்கள். ஒரு பக்கம் ராக் டிரம்ஸ், ஒரு பக்கம் நம் வாத்தியங்கள், நடுவில் அவர் எலெக்ட்ரிக் கிட்டார். எங்கள் டீக்கடையில் இரண்டு கட்சியும் சண்டை போடாமல் கேட்டது இது ஒன்றுதான். 2023-இல் வந்த 'திஸ் மொமென்ட்' சக்தியின் கடைசிச் சுற்று, கிராமி வாங்கியது. 2024 டிசம்பரில் ஜாகிரும் நம்மை விட்டுப் போய்விட்டார்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பழகுவதற்கு 'லோட்டஸ் ஃபீட்' எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவானது, விரல் வேகம் தேவையில்லை. ஆனால் ஒரு மாதத்துக்குக் கிட்டாரைத் தொடாதீர்கள். முதலில் நான்கு பதிவுகளையும் இந்த வரிசையில் கேளுங்கள்: சக்தி முதல் ஆல்பம், 'இன்னர் வேர்ல்ட்ஸ்', 1999-இல் வந்த 'ரிமம்பர் சக்தி', அப்புறம் 'தி பிலீவர்'. ஒரே மெட்டு கிட்டாரில் இருந்து புல்லாங்குழலுக்கும் மாண்டலினுக்கும் போகும்போது எந்த ஸ்வரம் நீள்கிறது, எது சுருங்குகிறது என்று கவனியுங்கள். போனில் தம்புரா செயலியைப் போட்டு வாயால் பாடுங்கள். குரல் நன்றாக இல்லையென்றாலும் பரவாயில்லை. எந்த இடத்தில் உங்கள் தொண்டை ஸ்வரத்தை நேராக நிறுத்தாமல் லேசாக அசைக்கிறதோ, அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். கிட்டாரை எடுத்த பிறகு அந்தக் குறித்த இடங்களில் மட்டும் கம்பியை இழுங்கள், மற்ற எல்லா இடத்திலும் நேராக வாசியுங்கள். மெலிந்த கம்பியாகப் போட்டுக்கொண்டால் விரல் தாங்கும், மெட்டுக்கு நடுவில் செதுக்கவெல்லாம் இப்போது வேண்டாம்.